தாமிரபரணி: பெயரின் வழக்கு

திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் ஆற்றின் பெயருக்குப் பொருள் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "தண்ணியில தாமிரச் சத்து இருக்குல்லா, அதான்." அல்வாவின் ருசிக்கும் அதே சத்துதான் காரணம் என்ற அடுத்த வாக்கியம் கேட்காமலே வந்துவிடும். கோயிலில் கேட்டால், செந்தாமரை மாலை ஒன்று பெண்ணாகிப் பின் ஆறாகிய தலபுராணம் கிடைக்கும். தமிழாசிரியரைக் கேட்டால், 'தண் பொருநை'யைத்தான் வடமொழிக்காரர்கள் தாமிரபரணி என்று திரித்துவிட்டார்கள் என்பார். பாளி நூல் படித்தவர் என்றால் இலங்கையில் இறங்கிய விசயனின் ஆட்களையும் அவர்களுடைய சிவந்த கைகளையும் சொல்வார்.

இந்த விளக்கங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. எல்லாமே தவறாக இருக்க முடியும். ஒரு பழம்பெயருக்கு வேர் சொல்ல வருபவர் அதன் ஒலிக்கும் காலத்துக்கும் நிலத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஒலி மாற்றம் அந்த மொழியில் வழக்கமானதா, அந்த வடிவம் எந்த நூற்றாண்டில் எழுத்தில் வருகிறது, பெயர் சொல்லும் குணம் அந்த இடத்தில் உண்டா என்று கேட்டால் மேலே சொன்னவற்றில் பாதி உடனே விழுந்துவிடும். நம் ஊரில் இந்தச் சோதனை அதிகம் நடப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கும் விளக்கம் மேடையில் வென்றுவிடுகிறது.

தாமிரச் சத்துக் கதைக்கு அதிக நேரம் வேண்டாம். குடிநீரில் தாமிரம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போகப் போக நாவில் உலோகக் கசப்பும் வயிற்றில் குமட்டலும் வரும். அந்தத் தண்ணீரில் கிண்டிய அல்வாவை யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள். எல்லைக்குள் இருக்கும் தாமிரமோ கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்து ஆற்றுக்குப் பெயர் வைத்திருக்க முடியாது. மேலும், தாமிர உப்பு கரைந்த நீர் நீலப் பச்சையாகத் தெரியும், செம்பு நிறமாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் ஆறு செம்மண் கரைசலாக வருவது உண்மைதான். ஆனால் வெள்ளக் காலத்தில் எந்த ஆறுதான் கலங்காமல் வருகிறது?

இதற்கு முட்டுக் கொடுக்க ஆற்றங்கரைத் தொல்லியல் களமான ஆதிச்சநல்லூரை இழுப்பவர்களும் உண்டு. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அந்தப் பரம்பில் தோண்டியபோது விலங்கு உருவங்கள் அமைந்த வெண்கல மூடிகளும் பாத்திரங்களும் கிடைத்தன. ஆகவே இது 'தாமிர நாகரிகம்', ஆகவே ஆறும் தாமிரபரணி என்கிறார்கள். அதே குழிகளில் வாளும் ஈட்டியும் கத்தியுமாக இரும்பு ஏராளமாகக் கிடைத்தது. பொன் பட்டங்களும் கிடைத்தன. அவற்றுக்கு ஏன் ஆறு கிடைக்கவில்லை என்று இந்த வாதம் சொல்வதில்லை.

இனி ஒலி. வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சமஸ்கிருத நூல்களில் வடிவம் 'தாம்ரபர்ணீ'. பாளியில் 'தம்பபண்ணி'. கி.மு. 3ஆம் நூற்றாண்டு அசோகர் கல்வெட்டுகளில் கிர்நார்ப் பாறையில் 'தம்பபம்ணி'. தாம்ர என்றால் செம்பு, செம்பு நிறம். பர்ண என்றால் இலை. பர்ண பாகதத்தில் (பிராகிருதத்தில்) பண்ண ஆவதும், வர்ண வண்ண ஆவதும், கர்ண கண்ண ஆவதும் ஒரே விதியின்படி நடப்பவை. ஆக, 'தாமிர வர்ணம் உடையதால் தாமிரவருணி' என்ற விளக்கம் சரியென்றால் அசோகர் காலத்தில் நாம் காண வேண்டியது 'தம்பவண்ணி'. கல்லில் இருப்பது பகரம். வகரம் எங்கேயும் இல்லை.

அப்படியானால் தாமிரவருணி என்ற வடிவம் எப்படி வந்தது? தமிழ் நாக்கு கொடுத்த வடிவம் அது. உயிர்களுக்கு நடுவே வரும் வடமொழிப் பகரத்தைத் தமிழ் வகரமாக மென்மையாக்கிக்கொள்ளும். பாபம் பாவமானது, தீபம் தீவமானது. அதே வழியில் பருணி வருணியானது. ரகர ஒற்றுக்குப் பின் உகரம் நுழைவதும் நமக்குப் பழக்கம்தான், தர்மம் தருமமாகவில்லையா. பருணி பிறகு பரணி ஆனதற்குக் காரணம் இன்னும் எளிது. நட்சத்திரத்தின் பெயராகவும் போர்ப் பாட்டின் பெயராகவும் பரணி நமக்கு ஏற்கெனவே தெரிந்த சொல். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக்கிக்கொள்வது எல்லா மொழிகளிலும் நடக்கிற காரியம். தாமிரவருணிதான் 'சுத்தமான' வடிவம் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வடிவம் அழகானது, தமிழ் ஒலிக்கு இயல்பானது. ஆனால் அது பிற்காலத் திரிபு. செம்பு நிறம் என்ற பொருள் திரிந்த பிறகு ஏற்றப்பட்டது.

மகாவம்சம் சொல்லும் கதையையும் இந்த இடத்திலேயே தீர்த்துவிடலாம். கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட அந்தப் பாளி நூலில், கப்பலிலிருந்து இறங்கிய விசயனின் ஆட்கள் களைத்துப்போய்க் கைகளைத் தரையில் ஊன்றினார்கள், மண் பட்டுக் கைகள் செம்பு நிறமாயின, அதனால் இடத்துக்குத் தம்பபண்ணி என்று பெயர் வந்தது என்று வருகிறது. கைக்குப் பாளிச் சொல் 'பாணி'. முதல் எழுத்து நெடில், ணகரம் ஒற்றை. ஊர்ப்பெயரில் முதல் எழுத்து குறில், ணகரம் இரட்டை. இரண்டும் ஒன்றல்ல. ஏற்கெனவே இருந்த பெயருக்குப் பின்னால் கட்டிய கதை இது. பெயருக்குக் கதை கட்டுவதில் நம் தலபுராணக்காரர்களுக்குப் பாளித் தேரர்கள் சளைத்தவர்களல்லர். ஆனாலும் கதையில் சிவந்த மண் வருகிறது. அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம், பிறகு தேவைப்படும்.

இதுவரை கிடைத்தது இவ்வளவு: எழுத்தில் நாம் எட்டக்கூடிய மிகப் பழைய வடிவம் 'செவ்விலை உடையது' என்று பொருள்படும் சொல். ஆற்றுக்கு வினோதமான பெயர்தான். எந்த மரம், எந்த இலை என்று கேட்டால் உரைகளும் அகராதிகளும் ஆளுக்கொன்று சொல்லும். வால்மீகி இந்த ஆற்றங்கரையில் சந்தனக் காடுகளை வைக்கிறார். சந்தன இலை பச்சை.

அடுத்து காலம். இந்தப் பெயர் முதலில் எதற்குரியதாக எழுத்தில் வருகிறது? இந்தக் கேள்விக்கான விடை திருநெல்வேலிக்காரர்களுக்குப் பிடிக்காது. தேதி சொல்லக்கூடிய சான்றுகளில் தாமிரபரணி முதலில் ஒரு தீவு.

அலெக்சாண்டருடன் வந்த ஒனெசிக்ரிதஸ் 'தப்ரபனே' என்ற தீவைப் பற்றி எழுதியதை ஸ்திராபோவும் பிளினியும் வழிமொழிகிறார்கள். சந்திரகுப்தன் அவைக்கு வந்த மெகஸ்தனிசும் அந்தத் தீவை அறிந்திருந்தார். இரண்டும் கி.மு. 4ஆம் நூற்றாண்டு முடிவை ஒட்டியவை. அடுத்தது அசோகர். இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை அடுத்து 'தம்பபம்ணி வரை' என்று வருகிறது. இது நம் ஆறுதான் என்று வரலாற்றாசிரியர் வின்சென்ட் ஸ்மித் வாதிட்டார். வாதம் நிற்கவில்லை. பாண்டியரைச் சொன்ன பிறகு அவர்கள் நாட்டுக்குள்ளேயே ஓடும் ஆற்றை 'அது வரை' என்று எல்லையாகக் காட்டுவதில் பொருளில்லை. பாண்டியருக்கு அப்பால் கடலும் தீவும்தான் இருக்கின்றன. கி.பி. 3ஆம் நூற்றாண்டு நாகார்ஜுனகொண்டாக் கல்வெட்டில் வரும் தம்பபம்ணியும் இலங்கைதான்.

ஆற்றின் பக்கம் என்ன இருக்கிறது? வால்மீகி ராமாயணத்தில் கிஷ்கிந்தா காண்டத்தில் சுக்ரீவன் வானரர்களுக்குத் தென்திசை வழி சொல்லும்போது அகத்தியர் மலையை அடுத்து முதலைகள் நிறைந்த தாம்ரபர்ணீ பேராறு வருகிறது. அது கடலைச் சேர்வது காதலனைச் சேரும் பெண்ணைப் போல என்ற உவமையும் வருகிறது. அதைத் தாண்டினால் பாண்டிய கபாடம். இது நம் ஆறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தத் திசை வருணனைப் பகுதிக்கு ஒரு நூற்றாண்டைக் குறித்துத் தர யாராலும் முடியாது. அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது 'தாம்ரபர்ணிக'த்தை முதலில் வைத்து, 'பாண்டிய கவாடக'த்தை அடுத்து வைக்கிறது. முதலாவது ஆற்று முகத்து முத்தா, தீவு முத்தா என்பது பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. பாண்டியக் கவாடத்தைத் தனியே சொன்னதால் தீவுப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது. அந்த நூலின் காலமும் சண்டைக்குரியது. காளிதாசனின் ரகுவம்சத்தில்தான் பிடி இறுகுகிறது. தாம்ரபர்ணீ கடலோடு கூடும் இடத்து முத்துகளைப் பாண்டியர் ரகுவுக்குத் திறையாகக் கொடுக்கிறார்கள். அது கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டு.

இதற்கு நடுவே ஒருவர் இருக்கிறார். பெயர் ஆய்வுகளில் அவரைப் போதுமான அளவு யாரும் கேட்பதில்லை என்பது என் குறை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையைக் கொல்கொய் என்று அவர் அறிந்திருக்கிறார். தீவுக்குத் தப்ரபனே என்ற பெயரை அறிந்திருக்கிறார், அதன் வேறு பெயர்களையும் சொல்கிறார். கொற்கையை ஒட்டிக் கடலில் விழும் ஆற்றுக்கு மட்டும் அவர் கொடுக்கும் பெயர் 'சோலேன்'. தாமிரபரணிதான் அது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். முத்துக்காக வந்துபோன மாலுமிகளிடம் கேட்டு எழுதியவர், எதிரெதிரே இருக்கும் தீவும் ஆறும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டன என்றால் அதைக் காதில் வாங்காமல் விட்டிருப்பாரா? அக்காலத்துக் கொற்கைத் துறையில் ஆற்றுக்கு அந்தப் பெயர் புழங்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஒரு சாட்சி சொல்லாமல் விட்டதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் இந்த மௌனத்துக்கு எடை உண்டு.

சரி, தமிழ்ப் பக்கம் வருவோம். பொருநை என்பதே ஆற்றின் ஆதிப் பெயர், அது சங்க இலக்கியத்தில் இருக்கிறது என்று மேடைக்கு மேடை சொல்லப்படுகிறது. சங்க இலக்கியத்தில் பொருநை இருக்கிறது, மறுக்கவில்லை. எந்தப் பொருநை என்று புரட்டிப் பார்த்தால் கொஞ்சம் சங்கடம் வரும். புறநானூறு 11இல் வரும் தண் பொருநை சேரனின் வஞ்சியில் பாய்கிறது. 36இல் வரும் தண் ஆன்பொருநை கிள்ளிவளவன் முற்றுகையிட்ட கருவூரை ஒட்டியது. 387இன் பொருநையும் வஞ்சியின் புறமதிலை அலைக்கிறது. இன்று நாம் அமராவதி என்று அழைக்கும் கரூர் ஆறு அது. வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்ற பழைய சண்டை எப்படி முடிந்தாலும் அது பாண்டி நாட்டு ஆறாகப் போவதில்லை. கொற்கை வரும் பாட்டுகளில் முத்தும் துறையும் வருகின்றன, பொருநை வருவது வஞ்சிப் பாட்டுகளில்.

நெல்லை ஆறு பொருநை என்பதற்கு உறுதியான சான்று வேண்டுமென்றால் சங்கத்தை விட்டுவிட்டு ஆழ்வாரிடம் போக வேண்டும். குருகூரில் பிறந்த நம்மாழ்வார் திருவாய்மொழியில் இந்த ஆற்றைப் பலமுறை பெயர் சொல்லிப் பாடுகிறார். அவர் வாயில் அது 'பொருநல்'. தொலைவில்லிமங்கலத்தை அதன் வடகரையில் வைக்கிறார். இன்று இரட்டைத் திருப்பதி என்று அழைக்கப்படும் அந்தத் தலம் இன்றும் வடகரையில்தான் இருக்கிறது. திருப்புளிங்குடியையும் பொருநல் நீர் சூழ்ந்த வயல்களோடுதான் காட்டுகிறார். ஆற்றங்கரையில் பிறந்தவர் தன் ஆற்றுக்குச் சொன்ன பெயர் இது. இதைவிட நல்ல சாட்சி வழக்கில் இல்லை. ஏனோ பொருநையைப் புகழும் மேடைப் பேச்சுகளில் நம்மாழ்வார் பெயர் அவ்வளவாக அடிபடுவதில்லை.

இரண்டாவது சாட்சி கம்பர். சுக்ரீவன் வழி சொல்லும் அதே கட்டத்தை, நாடவிட்ட படலத்தில் அவர் பாடும்போது பொதியிலையும் திருமுனிவனையும் சொல்லிவிட்டு ஆற்றைப் பொருநை என்கிறார். வால்மீகியின் சுலோகத்தில் தாம்ரபர்ணீ என்று இருப்பதை அறியாமல் அவர் எழுதியிருக்க முடியாது. கையில் இருந்த வடமொழிப் பெயரைத் தமிழாக்கும்போது தாமிரபன்னி என்றோ தாமிரவருணி என்றோ ஆக்காமல் வேறு பெயரைப் போட்டார். தமிழ் கேட்பவர்களுக்கு அந்த ஆறு பொருநை என்ற துணிவு இருந்தால்தான் அப்படி மாற்ற முடியும். அதே காலப்பரப்பில் பாகவத புராணத்தின் 11ஆம் கந்தம், கலியுகத்தில் திருமாலடியார்கள் பிறக்கும் தென்னாட்டு ஆறுகளை அடுக்கும்போது தாம்ரபர்ணீ, கிருதமாலா, பயஸ்வினி, காவேரி என்கிறது. ஆக, ஓர் ஆறு இரண்டு பெயர்களோடு ஓடியிருக்கிறது. வடமொழி ஏட்டில் ஒன்று, தமிழ்ப் பாட்டில் இன்னொன்று. பாரதியார் செந்தமிழ் நாட்டின் ஆறுகளை அடுக்கும்போதுகூடப் பொருநையையே சொன்னார். கரையில் இருப்பவர்களுக்கு அன்றும் இன்றும் அது வெறும் 'ஆறு'தான். "ஆத்துக்குப் போயிட்டு வாரேன்" என்பவருக்குப் பெயர் எதற்கு?

இனி, 'தண் பொருநை'தான் தாமிரபரணி ஆயிற்று என்ற வாதம். இதை ஏளனமாக ஒதுக்கக் கூடாது, ஏனென்றால் இதற்குள் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. வடமொழி வடிவங்கள் பல தமிழ்ப் பெயர்களின் மேல் போர்த்தியவை என்பது தெரிந்த வரலாறு. மறைக்காடு வேதாரணியம் ஆனது. முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. அவற்றைப் போல இதுவும் ஏன் இருக்கக் கூடாது?

அவற்றைப் போல இது இல்லை என்பதுதான் சிக்கல். வேதாரணியமும் விருத்தாசலமும் பொருளை மொழிபெயர்த்தவை. பொருநை என்பதைப் 'பொரு' என்ற வேரோடு சேர்த்து, அலைமோதுவது என்று கொண்டாலும், பொருந்துவது என்று கொண்டாலும், சிவப்பும் இலையும் அதில் இல்லை. ஒலியை வைத்துப் பார்த்தாலோ, 'தண்' என்பது பகரத்தின் முன் 'தம்' ஆவது நடக்கக்கூடியதே. ஆனால் 'பொருநை' 'பண்ணி' ஆக வேண்டுமென்றால் ஒகரம் அகரமாக வேண்டும், நடுவில் உள்ள 'ரு' கரைய வேண்டும், தந்நகரம் ணகரமாகி இரட்டிக்க வேண்டும், ஐகாரம் இகரமாக வேண்டும். இத்தனையும் ஒரே சொல்லில் நடந்ததென்றால் நடுவழி வடிவம் ஒன்றாவது எங்கேனும் எழுத்தில் அகப்பட வேண்டும். ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'தண் பொருநை' என்ற தொடர் பழைய பாட்டில் வருவது கரூர் ஆற்றுக்கு. அந்தத் தண் பொருநை ஏன் இன்னொரு தாமிரபரணி ஆகவில்லை? அது அமராவதி ஆனது. வையைக்கு வடமொழி ஏடு கிருதமாலா என்று பெயர் வைத்தது. தமிழ்ப் பெயரோடு தொடர்பே இல்லாத பெயரை வடமொழியாளர் ஓர் ஆற்றுக்கு வைப்பது வழக்கத்துக்கு மாறானதில்லை என்பதற்கு அதுவே போதும்.

ஆக, பொருநையும் தாமிரபரணியும் இரண்டு தனிப் பெயர்கள். ஒன்று மற்றொன்றின் திரிபு இல்லை. இதில் எனக்குத் தயக்கமில்லை.

மீதமிருப்பது கடினமான பகுதி. தீவுக்கும் ஆற்றுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? 1881இல் திருநெல்வேலி வரலாற்றை எழுதிய கால்டுவெல் இந்தக் கேள்வியில் நெடுநேரம் நின்றார். இடையன்குடியில் வாழ்ந்து கொற்கையை நேரில் பார்த்தவர், இது தற்செயல் என்று விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தற்செயல் சாத்தியமே இல்லை என்று நாமும் சொல்லிவிட முடியாது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர்ப் பக்கம் சந்த்கட் வட்டாரத்தில் ஓடிக் கட்டபிரபாவோடு சேரும் ஆறு ஒன்றுக்கும் தாம்ரபர்ணீ என்றுதான் பெயர். அது யாரும் குடியேறிக் கொண்டுபோன பெயராகத் தெரியவில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளில், ஒரே முத்துச் சலாபத்தின் இரு பக்கங்களில், ஒரே பெயர் இருப்பதைத் தற்செயல் என்று சொல்ல நிறைய துணிச்சல் வேண்டும்.

வழக்கமாக இரு தரப்பு வாதம் நடக்கும். இங்கிருந்து போனவர்கள் பெயரைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது ஒன்று. இதற்கு ஆதரவாகத் தொல்லியல் பேசுகிறது. புத்தளத்துக்கு வடக்கே பொம்பரிப்பில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் பலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். பொம்பரிப்பு இருப்பது நம் கடற்கரைக்கு எதிரே. மனிதர்கள் போய்வந்தது உறுதி. ஆனால் தாழி பெயர் சொல்லாது. தாழியில் அடக்கம் செய்தவர்கள் தங்கள் ஆற்றைப் பாகத மொழியில் 'செவ்விலையாள்' என்று அழைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். அங்கிருந்து பெயர் இங்கே வந்தது என்பது மற்றொரு தரப்பு. எழுத்துச் சான்றின் வயது இதற்குச் சாதகம். ஆனால் எழுத்தில் முந்தியது என்பதற்காகப் பேச்சிலும் முந்தியது என்று ஆகிவிடாது. தவிர, இலங்கையிலிருந்து வந்து பாண்டியன் ஆற்றுக்குப் பெயர் சூட்டும் அளவுக்கு யார் இங்கே ஆதிக்கம் செலுத்தினார்கள்? மகாவம்சமே விசயன் மதுரைப் பாண்டியனிடம் பெண் கேட்டு ஆள் அனுப்பியதாகத்தான் சொல்கிறது.

இரு தரப்பும் ஒரு விஷயத்தைப் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கின்றன: பெயரை வைத்தவர்கள் அந்த இடத்தில் குடியிருந்தவர்கள் என்று. அதுதான் பிழை என்று நினைக்கிறேன். இடப்பெயர்கள் பல அயலார் வைத்தவை. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'வல்ஹஸ்' என்று ஒரு சொல் இருந்தது. வோல்கே என்ற கெல்டிய இனக்குழுவின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அந்தச் சொல்லால் ஜெர்மானியர்கள் முதலில் கெல்டியரையும், பிறகு ரோமானியரையும், கடைசியில் தங்கள் எல்லைக்கு அப்பால் இருந்த வேற்று மொழிக்காரர் பலரையும் அழைத்தார்கள். பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா எல்லாம் அதன் வழியில் வந்தவை. போலந்துக்காரர்கள் இத்தாலியை இன்றும் அதன் திரிபால்தான் அழைக்கிறார்கள். கடையில் விற்கும் வால்நட்டின் முதல் பாதியும் அதுதான், நாம் சீமைக் கருவேலம் என்று சொல்வதைப் போல. வேல்ஸிலிருந்து யாரும் வலாக்கியாவுக்குக் குடியேறவில்லை. பெயர் வைத்தவர்கள் வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதே கண்ணோடு மன்னார் வளைகுடாவைப் பார்க்கலாம். பாகதம் பேசிய வடநாட்டு வணிகர்கள் முத்துக்காக இந்தக் கடலுக்கு வருகிறார்கள். கப்பலிலிருந்து பார்த்தால் இரு கரையிலும் என்ன தெரியும்? இந்தப் பக்கம் ஆற்று முகத்துக்குத் தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரத்துச் செம்மணல் தேரிகள். வெயிலில் செம்புத் தகடு போல மின்னும் மேடுகள். அந்தப் பக்கம் வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் குதிரைமலை முனையின் சிவந்த மண். விசயன் இறங்கிய இடம் என்று மரபு சொல்லும் கரைகளில் அதுவும் ஒன்று. இங்கே ஒரு தேரிக்குக் குதிரைமொழி என்று பெயர் இருப்பதை நான் சாட்சியாக எடுக்கவில்லை, எடுத்தால் நானும் மகாவம்சக்காரராகிவிடுவேன். ஆனால் சிவப்பு இரு கரைக்கும் பொது. மகாவம்சக் கதை இலக்கணத்தில் தோற்றாலும் மண்ணின் நிறத்தை நினைவில் வைத்திருக்கிறது.

என் முடிவு இதுதான்: தாம்ரபர்ணீ என்பது ஆற்றின் பெயராகவோ தீவின் பெயராகவோ பிறக்கவில்லை. முத்து விளையும் செங்கரைக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயராகப் பிறந்து, ஒரு கரையில் இறங்குதுறையிலும் பிறகு தீவு முழுவதிலும், மறுகரையில் ஆற்றிலும் ஒட்டிக்கொண்டது. தீவில் முதலில் ஒட்டியது, ஆற்றில் பிந்தி ஒட்டியது. தாலமியின் மௌனம் எனக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்த முடிவின் பலவீனத்தையும் மறைக்கக் கூடாது. செம்மண் 'தாம்ர' என்ற பாதியை விளக்குகிறது, 'பர்ண' என்ற பாதியை விளக்கவில்லை. இலை இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது. ஆனால் குடியேற்றக் கதைகள் இரண்டும் இலையை விளக்கவில்லை, கூடவே தாலமியையும் விளக்கவில்லை. குறைவான ஓட்டை உள்ள படகில் ஏறுகிறேன்.

பொருநையைப் பற்றிய முடிவு இவ்வளவு சுற்றிவரத் தேவையில்லை. இந்த ஆற்றுக்குத் தமிழில் எழுத்துச் சான்றுள்ள பழைய பெயர் அதுதான். நம்மாழ்வார் காலம் முதல் தொடர்ச்சி இருக்கிறது. ஆகவே சிவகளை அகழாய்வுத் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் தமிழக அரசு சட்டமன்றத்தில் அறிவித்து, நெல்லை அருங்காட்சியகத்துக்குப் பொருநை என்று பெயர் சூட்டியதில் தவறு காண முடியாது. ஆனால் அதைத் தொட்டுக்கொண்டு 'மூவாயிரத்து இருநூறு ஆண்டு முன்பே பொருநை' என்று பேசுவது நெல்மணியைச் சொல் பேச வைப்பது. அந்த நெல்லை விளைத்தவர்கள் ஆற்றை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதற்கு அந்தத் தாழியில் சான்றில்லை. 2018 அக்டோபரில் தாமிரபரணிக்கு 144 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகா புஷ்கரம் என்று கூட்டம் கூட்டிய தரப்புக்கும் இதே பதில்தான். தாமிரபரணி என்ற பெயரின் பழமை ஆற்றில் ஆரம்பிக்கவில்லை.

கொற்கையில் 1968-69 அகழாய்விலேயே தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் வந்தன. அந்த மண்ணிலிருந்தோ சிவகளையிலிருந்தோ 'பொருந' என்று மூன்றெழுத்து உள்ள ஓடு ஒன்று வந்தால், ஆழ்வாரிலிருந்து நான் தொடங்கியதைப் பல நூற்றாண்டு முன்னே தள்ளி எழுத வேண்டியிருக்கும். 'தம்பப' என்று வந்தால் தாலமியைக் குறித்து நான் சொன்னது முழுவதையும் அடித்துவிட்டுத் தீவுக்கும் ஆற்றுக்கும் எது முந்தியது என்ற விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.